ஐநூற்று முப்பது கலோரி

ஞாயிற்றுக்கிழமை மதியம்

என் அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும், ஆனால் செவ்வாய்க்கிழமை போனில் நீ கத்திய கத்தலிலேயே உன் நெஞ்சும் தொண்டையும் நல்ல பலத்தோடு இருப்பது தெரிந்துவிட்டது, அதனால் உன் நலத்தை நானே எழுதிக்கொள்கிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம். அப்பாவுக்கு இடது முழங்கால் மட்டும் படி இறங்கும்போது கடக்கென்று சத்தம் போடுகிறது, அதை வைத்தே அவர் எந்தப் படியில் இருக்கிறார் என்று சமையலறையிலிருந்து சொல்லிவிடுவேன். குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. குழாய்க்காரர் இதோ வர்றேம்மா என்று சொல்லி மூன்று வாரமாகிறது, அந்த இதோ எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை. பேத்தியின் போட்டோ பார்த்தோம். முன்பல் இரண்டும் போனபிறகு அவள் அச்சு அசல் அப்பாவைப் போல இருக்கிறாள் என்று நான் சொல்ல, அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மருமகளுக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது என்று தனியாக எழுதச் சொல், நீயானால், நல்லா இருக்காம்மா என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறாய்.

போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் போனில் நீ என்னை ஒரு வாக்கியம் முடிக்க விடுவதில்லை. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது, அந்த வசதிக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அப்பா இதைப் போட்டோ எடுத்து இன்றைக்கே அனுப்புவார், தாள் பிறகு தபாலில் வரும். முழுவதும் படித்துவிட்டுப் பதில் சொல், பாதியில் எழுந்து போகாதே.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். போன திங்கட்கிழமை நீ எனக்குத் தெரியாமல் நான் வேலை செய்யும் சலவைக்கூடத்து ஆபீசுக்குப் போன் செய்தாய். அம்மாவுக்கு அறுபத்திரண்டு வயது, இந்த வேலையில் ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐநூறு கலோரி எரிகிறது, அம்மா சாப்பிடுவதோ கொஞ்சம், இப்படியே போனால் என்ன ஆகும் என்று, பத்து நாள் முன்பு எனக்கு அனுப்பிய அதே கணக்கை அங்கேயும் அனுப்பி வைத்தாய். மறுநாள் காலை நான் போனபோது சூப்பர்வைசர் வாசலிலேயே நின்றார். டீச்சரம்மா, உங்க பையன் பேசினாரு, கண்ணு கலங்கிடுச்சு எனக்கு, நீங்க இனிமே டிராலி பக்கமே போக வேண்டாம், இப்படி உட்காருங்க என்று ஒரு நாற்காலியைக் காட்டினார். துணிக்கட்டுகளில் வார்டு எண் சீட்டு ஒட்டும் நாற்காலி அது. எச்சில் தொட்டு ஒட்டக்கூட வேண்டாம், சீட்டே பிசினோடு வருகிறது. முப்பத்து நான்கு வருடம் வகுப்பில் நின்றுகொண்டே பேசினவள் நான். ஓய்வு கிடைத்த நாளிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லோரும் என்னை உட்காரச் சொல்கிறார்கள். வங்கியில் உட்காருங்கம்மா, பஸ்ஸில் உட்காருங்கம்மா, வீட்டில் உட்காரேன்மா. உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போய்த்தான் இந்த வேலைக்கே போனேன். அங்கேயும் ஒரு நாற்காலியை அனுப்பி வைத்திருக்கிறாயே, நீ நல்லா இருப்பாய்.

நீ அந்த இடத்தைப் பார்த்ததில்லை, அதனால் சொல்கிறேன். பெரிய ஆஸ்பத்திரியின் கீழ்த்தளம். ஆள் உயரத்துக்கு மூன்று சலவை மெஷின், படுக்கை விரிப்புகளை உலர்த்தி இஸ்திரி போடும் ஒரு நீள உருளை, மடிக்கிற மேசை. அங்கிருந்து ஒரு சரிவுப்பாதை ஏறினால் லிஃப்ட். துணியை ஏற்றிப்போகும் டிராலிக்குப் பின்பக்கம் இரண்டு கைப்பிடி, இரண்டு பேர் சேர்ந்து தள்ள வேண்டும். முன் சக்கரம் ஒன்று எப்போதும் இடது பக்கம் இழுக்கும், இடது கைப்பிடியில் இருப்பவர் அதைத் தடுத்துப் பிடிக்க, வலது கைப்பிடியில் இருப்பவர் தள்ள வேண்டும். இடது நான். வலது, நாங்கள் குருவி என்று கூப்பிடும் ஒருத்தி. நாற்பத்தைந்து வயது, நாற்பத்து நான்கு கிலோ, வாய் மட்டும் ஒரு இருபது கிலோ இருக்கும். விடியற்காலை நாலே காலிலிருந்து ஒரு அலுவலகத்தில் தரை துடைத்துவிட்டு நேராக இங்கே ஆறு மணிக்கு வருகிறவள். முதல் வாரம் எனக்குத் தோள்பட்டை தூக்க முடியாமல் வலித்தபோது, டீச்சர், கையால தள்ளாதீங்க, வயித்தால தள்ளுங்க, வண்டிதானே, மரியாதை எல்லாம் பார்க்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். அந்த முதல் வாரம் நான் குளியலறையில் கொஞ்சம் அழுதேன் என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன், அப்பா எப்படியும் உன்னிடம் சொல்லியிருப்பார், இந்த வீட்டில் உளவுத்துறை நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஆனால் இரண்டாம் வாரம் அழவில்லை. மூன்றாம் வாரம் பத்து வருடத்தில் தூங்காத தூக்கம் தூங்கினேன். பகலில் எதற்காகக் களைத்தோம் என்று தெரிந்து தூங்கும் தூக்கத்துக்கு இணையே கிடையாது.

இப்போது உன் கணக்குக்கு வருகிறேன். சிவப்புப் பேனா எடுத்துவிட்டேன், மனதைத் திடப்படுத்திக்கொள். என் எடை ஐம்பத்தெட்டு கிலோ, சும்மா இருந்தால் கிலோவுக்கு மணிக்கு ஒரு கலோரி, இருபத்து நான்கு மணி நேரத்துக்கு ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்று இரண்டு. சரி. கடின உழைப்பு என்றால் அதைப்போல ஆறரை மடங்கு, நான்கு மணி நேரத்துக்கு ஆயிரத்து ஐநூற்று எட்டு. பெருக்கல் சரி. இரண்டையும் கூட்டி இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம், நான் சாப்பிடுவது ஆயிரத்து எழுநூறு, ஆகவே தினமும் ஆயிரத்து இருநூறு பற்றாக்குறை என்று முடித்து, கீழே இரண்டு கோடு வேறு போட்டிருக்கிறாய். விடையைச் சரிபார்த்தாயா? உனக்கு ஏழாம் வகுப்பிலேயே சொன்னேன், விடை வந்ததும் பேனாவை மூடாதே, அது நடக்கக்கூடியதா என்று பார் என்று. வாரம் ஐந்து நாள், இப்போது ஆறு மாதம் ஆகிறது. உடம்பில் ஒரு கிலோ கரைய ஏழாயிரத்து எழுநூறு கலோரி என்று நீயே பக்கத்தில் எழுதியிருக்கிறாய். அந்தக் கணக்குப்படி இந்நேரம் நான் இருபது கிலோ இளைத்து முப்பத்தெட்டு கிலோவில் இருக்க வேண்டும். இன்று காலை குளித்துவிட்டு எடை மெஷினில் ஏறி நின்றேன், ஐம்பத்தேழரை. அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து பார்த்து உறுதி செய்தார். மீதி பத்தொன்பதரை கிலோவை நான் எங்கே ஒளித்து வைத்திருக்கிறேன் என்று நினைக்கிறாய்?

தப்பு எங்கே என்று கேள். முதலாவது, நான் நான்கு மணி நேரமும் டிராலி தள்ளவில்லை. உன் கணக்கு முதலில் எனக்கு வந்ததுமே அப்பாவின் பழைய நிறுத்துக் கடிகாரத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மூன்று நாள் போனேன். ஓட்டப் பந்தயமா டீச்சர், யாரு ஜெயிச்சது என்று எல்லோரும் கேலி செய்தார்கள். டிராலி எழுபது நிமிடம், மெஷினிலிருந்து ஈரத்துணி இழுப்பது நாற்பது, நின்றுகொண்டு மடிப்பது எண்பத்தைந்து, மெஷின் நிற்கட்டும் என்று காத்திருப்பது இருபத்தைந்து, டீக்கும் பாத்ரூமுக்கும் சேர்த்து இருபது. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மடங்கு. மடிப்பதற்கு ஆறரை மடங்கு போட்டால் துணிகூடச் சிரிக்கும். எல்லாம் கூட்டினால் எழுநூற்று அறுபது சொச்சம். இரண்டாவது தப்பு இதைவிட முக்கியம். வேலை செய்யும் அந்த நான்கு மணி நேரத்தில் சும்மா இருந்தாலே எரிந்திருக்கும் இருநூற்று முப்பதை நீ இரண்டு தடவை சேர்த்திருக்கிறாய், ஒரு தடவை நாள் முழுவதற்குமான கணக்கில், இன்னொரு தடவை வேலைக் கணக்கில். வீட்டில் நான்கு பேர், சமையலறையில் இரண்டு பேர், ஆகமொத்தம் ஆறு பேருக்குச் சமைப்பது போல இது. கழித்துவிட்டால் இந்த வேலை என்னிடம் கூடுதலாகக் கேட்பது ஐநூற்று முப்பது கலோரி. மூன்றாவது, நான் சாப்பிடும் பட்டியலை அப்பாவிடம் வாங்கியிருக்கிறாய், அவர் பார்த்ததைத்தான் அவர் சொல்ல முடியும். வேலைக்குப் போகும் வழியில் நான் சாப்பிடும் முட்டையும் இரண்டு வாழைப்பழமும், பத்தரைக்கு வீடு வந்து அவர் நடக்கப் போயிருக்கும்போது வெண்ணெய் தடவி நான் தின்னும் ரொட்டியும் அந்தப் பட்டியலில் இல்லை. இதைப் படித்ததும் அவர் வெண்ணெய் டப்பாவைத் திறந்து பார்க்கப் போகிறார், பார்க்கட்டும்.

நீ வாங்கி அனுப்பிய வாட்சைப் பற்றியும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அது கை வீச்சை எண்ணுகிறது. டிராலி தள்ளும்போது கை கைப்பிடியிலேயே இருக்கிறது, அதனால் நான் சரிவில் மூச்சு வாங்க ஏறும்போதெல்லாம் அது என்னை எழுந்து கொஞ்சம் நடக்கச் சொல்கிறது. மேசையில் ஒரே இடத்தில் நின்று விரிப்புகளை உதறி மடித்த நாளன்று பதினோராயிரம் அடி நடந்ததாகச் சொல்லி, திரையில் பட்டாசு கொளுத்திப் பாராட்டியது. நேரம் சரியாகக் காட்டுகிறது, அந்த மட்டும் நன்றி.

உன்னைத் திருத்திவிட்டேன், இனி என்னைத் திருத்த வேண்டும். இந்தப் பகுதியை எழுதத்தான் மூன்று தாள் கிழித்துப் போட்டேன். வாட்சை நம்ப முடியவில்லை என்று தெரிந்ததும், உன் கணக்கு வருவதற்கு நான்கு மாதம் முன்பே, நானே ஒரு கணக்குப் போட்டிருந்தேன். எனக்குத் தெரிந்த கணக்கு. பன்னிரண்டு கிலோ கட்டு, தரையிலிருந்து மேசைக்கு ஒரு மீட்டர், இருநூறு தடவை. எடையையும் உயரத்தையும் பெருக்கி, உடம்பு ஐந்தில் நான்கு பங்கை வெப்பமாக வீணாக்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் வந்தது இருபத்தெட்டு கலோரி. ஒரு வாழைப்பழத்தில் கால் பங்கு. டிராலிக்கு நான் எதுவுமே போடவில்லை, சரிவைக்கூட மறந்துவிட்டேன், சமதளத்தில் சுமையோடு நடப்பவர் செய்யும் வேலை பூஜ்யம் என்று முப்பத்து நான்கு வருடம் கரும்பலகையில் எழுதியவள் ஆயிற்றே. சுமைகூலிக்காரர் படம் ஒன்று வரைந்து, பக்கத்தில் பெரிதாக ஒரு பூஜ்யமும் போடுவேன், பிள்ளைகள் சிரிப்பார்கள். பௌதிகத்துக்கு அது சரி. வெறுமனே சுமையைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கே தசை எரிய வேண்டும் என்பதையும் நான் படித்திருக்கிறேன், ஆனால் அது வேறு பாடம், வேறு ஆசிரியை நடத்துவார், என் கையில் அந்தப் புத்தகம் இருந்ததில்லை. நான் என் பூஜ்யத்தோடு நிறுத்திக்கொண்டேன். அந்தச் சமயத்தில் குருவி ஒரு நாள் கேட்டாள், டீச்சர், நீங்கதான் படிச்சவங்க, இந்த வேலைக்கு நாம எவ்வளவு சாப்பிடணும் என்று. நான் சிரித்துக்கொண்டே, பெருசா ஒண்ணும் வேண்டாம், கணக்குப் பார்த்தா கால் வாழைப்பழம்தான் என்றேன். வேடிக்கையாகச் சொன்னேன். ஆனால் டீச்சர் சொன்னால் அது வேடிக்கை என்று அவள் எடுத்துக்கொள்வாளா? அதுவரை ஒரு துணியில் சுற்றி ரொட்டி கொண்டு வந்தவள், அடுத்த வாரத்திலிருந்து கொண்டு வரவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை.

ஐநூற்று முப்பது என்று சரியான விடை வந்த அன்றைக்கே அவளிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நான்கு நாள் நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இழுத்தேன். காரணம் வேறெதுவும் இல்லை, வெட்கம். அதற்குள் உன் போன் வந்தது, நாற்காலி வந்தது. என் கைப்பிடிக்கு வேறு ஆள் போடவில்லை, குருவி இடதும் வலதும் தானே பிடித்துத் தனியாகத் தள்ளினாள். செவ்வாய் ஒரு நாள் தாங்கினாள். புதன்கிழமை ஏழரை மணிக்குச் சரிவின் பாதியில் டிராலி நின்றது, பிறகு மெதுவாகப் பின்னால் வந்தது, சுவரில் இடித்து நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தால் அவள் டிராலிக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறாள், முகம் நாங்கள் வெளுக்கும் விரிப்பின் நிறத்தில். அடி ஒன்றும் படவில்லை. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, முகம் துடைத்து, கொஞ்சம் கண்ணைத் திறந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, டீச்சர், உங்க வாட்ச் என்ன சொல்லுது, நான் உயிரோடதான் இருக்கேனா என்று. சூப்பர்வைசர் அதற்குள், வீட்ல சாப்பிடாம வந்தா இப்படித்தான் ஆகும், நான் என்ன பண்ண என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது யாரைச் சுட்டதோ இல்லையோ, என்னைச் சுட்டது. தரை துடைத்ததும் ஒன்றரை மணி நேரம் டிராலி தள்ளியதுமாக அவள் உடம்பு அதற்குள் ஐநூற்றைம்பதுக்கு மேல் செலவழித்திருந்தது, உள்ளே போனது பால் இல்லாத ஒரு டீ. கால் வாழைப்பழம் என்று சொன்னது நான்.

வியாழக்கிழமை மடிக்கிற மேசையில் எல்லோரும் இருக்கும்போது சொன்னேன். குருவி, அன்னைக்கு நான் சொன்னது தப்பு, ரொம்பப் பெரிய தப்பு, உன் உடம்புக்கு இங்க மட்டும், சும்மா இருந்தாலே எரியறதையும் சேர்த்து, கிட்டத்தட்ட அறுநூறு கலோரி வேணும், அது ஆறு வாழைப்பழம் என்று. அவள் விரிப்பின் இரண்டு முனையையும் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். ஆறா டீச்சர், அப்போ நாலு மாசமா எனக்கு நீங்க பாக்கி வச்சிருக்கிற பழத்தைச் சேர்த்தா ஒரு தோப்பே வருமே என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அதைப் பார்த்து அவள், சரி விடுங்க டீச்சர், பசிக்குதுன்னு எனக்கே தெரியாதா, தெரிஞ்சும் வந்தேன், காசு மிச்சம்னுதான் என்று மெதுவாகச் சொன்னாள். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாளா, உண்மையாகவே அப்படித்தானா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் சுவரில் ஒரு அறிவிப்பு இருக்கிறது, எட்டு மணிக்கு இருபது நிமிடம் இடைவேளை என்று. ஆனால் நடைமுறை வேறு. இஸ்திரி உருளை நிற்கக் கூடாது, அதனால் ஒருவர் மாற்றி ஒருவர், நின்றபடி, ஒரு டீயை ஊற்றிக்கொண்டு இரண்டு பிஸ்கட்டோடு திரும்பிவிடுவோம். தனியாக நின்று கடிப்பவளுக்கு வெறும் பிஸ்கட் போதும் என்று தோன்றும், தட்டைத் திறக்கக் கூச்சமாக இருக்கும். வெள்ளிக்கிழமை நான் வீட்டிலிருந்து பன்னிரண்டு அவித்த முட்டையும் இரண்டு முழு ரொட்டியும் கொண்டு போனேன். எட்டு மணிக்கு நாற்காலியிலிருந்து எழுந்தேன், நேராக உருளையின் பக்கம் போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். அந்தச் சத்தம் நின்றதும் கூடமே காது அடைத்தது போல ஆகிவிட்டது. ஐந்து பெண்களும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து இருபது நிமிடம் சாப்பிட்டோம். சூப்பர்வைசர் ஓடிவந்து, டீச்சரம்மா, என்ன இது, யாரைக் கேட்டு என்றார். சுவரைக் கேட்டு என்று அறிவிப்பைக் காட்டினேன். உட்காருங்க, உங்களுக்கும் முட்டை இருக்கு என்றாள் குருவி. அவர் உட்காரவில்லை, ஆனால் முட்டையை வாங்கிக்கொண்டார். அன்றைக்குப் பத்து மணிக்குள் வழக்கமாகப் போகும் பதினான்கு டிராலிக்குப் பதில் பதின்மூன்று போயிற்று. ஒன்று குறைந்தது உண்மை, அதை நான் மறைக்கவில்லை.

ஒன்பதரைக்கு மேனேஜர் கூப்பிட்டார். உன் வயதுதான் இருக்கும். நான் இரண்டு விஷயம் கேட்டேன். எட்டு மணி இடைவேளையை எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து எடுக்க வேண்டும், திங்கட்கிழமையிலிருந்து நான் மறுபடி டிராலியின் இடது கைப்பிடிக்குப் போக வேண்டும். உன் கணக்கையும் என் திருத்தத்தையும் அவர் முன்னால் வைத்து விளக்கினேன். பாதிவரை கேட்டார். பிறகு, மேடம், இது ஸ்கூல் இல்லை என்றார். உங்க பையனே சொல்றாரு இது உங்களுக்கு ஆகாதுன்னு, எவ்வளவு அக்கறை பாருங்க, எனக்கு மட்டும் அப்படி ஒரு பிள்ளை இருந்தா நான் இந்த நாற்காலிய விட்டே எழுந்திருக்க மாட்டேன் என்றார். இப்ப மட்டும் எழுந்திருக்கிறாராக்கும் என்று கதவுக்கு வெளியே ஒரு குரல் கேட்டது, யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதில் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. இடைவேளை விஷயத்தைப் பார்க்கலாம் என்றார். என் விஷயத்தில் மட்டும் கறாராகச் சொன்னார், திங்கட்கிழமை காலை ரெண்டு பேப்பர் வரணும், உங்களால முடியும்னு டாக்டர் சான்றிதழ் ஒண்ணு, வீட்ல ஆட்சேபனை இல்லைன்னு உங்க பையன்கிட்டேயிருந்து ஒண்ணு, ரெண்டுல எது இல்லைன்னாலும் நீங்க வேலையிலிருந்தே நின்னுக்கலாம் என்று. டிராலி கிடைக்காது, நாற்காலியும் போய்விடும். நான் போனால் இடைவேளையைப் பற்றிப் பார்க்கவும் ஆள் இருக்காது, குருவியோடு அந்தச் சரிவில் ஏறவும் ஆள் இருக்காது.

நேற்று டாக்டரிடம் போனேன். படி ஏறி இறங்கச் சொன்னார், இரத்த அழுத்தம் பார்த்தார், மார்பில் ஒயர் ஒட்டி எடுத்துப் பார்த்தார். உன் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, அதை ஒத்துக்கொள்கிறேன். தோளுக்கு மேலே ஈரத்துணி தூக்கக் கூடாது என்றார், அதை நான் இரண்டு மாதமாகத் தூக்கிக்கொண்டிருந்தேன், அதனால்தான் தோள்பட்டை மறுபடி வலித்திருக்கிறது, இனி தூக்க மாட்டேன். மற்றபடி தாராளமாகச் செய்யலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். டிராலி தள்ளலாமா என்று தனியாகக் கேட்டேன். நீங்க தள்ளலாம், நான்தான் தள்ள முடியாது என்று தன் தொப்பையைக் காட்டிச் சிரித்தார்.

ஆக ஒரு பேப்பர் கையில் இருக்கிறது. இரண்டாவதும் வந்துவிட்டது. அப்பா உனக்கு எல்லாவற்றையும் சொல்லி, நீ நேற்று சாயங்காலமே அவர் போனுக்கு அனுப்பி, அவர் கடைக்குப் போய் அச்செடுத்து என் தலையணை மேல் வைத்துவிட்டார். படித்தேன். அழகாக எழுதியிருக்கிறாய். என் தாயார் இப்பணியில் தொடர்வதில் எனக்கு ஆட்சேபனை ஏதும் இல்லை என்பதை இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன், ஒரு எழுத்துப்பிழை கிடையாது. போனில் கத்தியவன் நான்கே நாளில் இறங்கி வந்திருக்கிறாய் என்று மனம் குளிர்ந்தது. ஆனால் கண்ணா, நான் அதைக் கொண்டு போகப் போவதில்லை. பிடிவாதம் என்று அப்பா தலையில் அடித்துக்கொள்கிறார். கையில இருக்கிற பேப்பரைக் கொடுத்துட்டு வேலையைப் பாரேன், உனக்கு என்ன வலிக்குது என்கிறார். வேண்டுமானால் தன் பேரில் எழுதித் தரட்டுமா என்றும் கேட்டார், பாவம். அவருக்குச் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன். நாளைக்கு இந்தத் தாளை நான் கொடுத்தால், அடுத்த மாதம் நீ மனம் மாறினால் அவர்கள் என்னை மறுபடி நாற்காலியில் உட்கார வைக்கலாம் என்று நானே எழுதிக் கொடுத்தது போல ஆகும். குருவியிடம் அவள் பெண்ணின் கடிதம் கேட்பார்கள், மடிக்கிற மேசையில் இருக்கும் இன்னொருத்தியிடம் அவள் புருஷனின் கடிதம் கேட்பார்கள். நீ படிக்க வெளியூர் போனபோது நான் உன் கல்லூரிக்கு ஆட்சேபனை இல்லை என்று கடிதம் கொடுத்தேன், அப்போது உனக்குப் பதினேழு வயது. எனக்கு அறுபத்திரண்டு. உன் கடிதத்தை எறியவில்லை, உன் பழைய மதிப்பெண் அட்டைகளோடு வைத்திருக்கிறேன்.

அதற்குப் பதிலாக நான் எழுதியதைக் கொண்டு போகிறேன். சுருக்கம்தான். எனக்கு வயது அறுபத்திரண்டு, எடை ஐம்பத்தேழரை கிலோ, டாக்டர் சான்று இணைத்துள்ளேன், இந்த வேலை என்னிடம் நாளொன்றுக்கு ஐநூற்று முப்பது கலோரி கேட்கிறது, அதை நான் சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறேன், என் உடம்பைப் பற்றி எழுதித்தர என்னைத் தவிர வேறு யாரும் இல்லை, கீழே என் கையெழுத்து. மேனேஜர் ஒத்துக்கொண்டால் ஆறே காலுக்கு இடது கைப்பிடியில் நிற்பேன். ஒத்துக்கொள்ளாவிட்டால் எட்டு மணி வரை ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் இருப்பேன், எட்டுக்கு முட்டையும் ரொட்டியும் உள்ளே போகும், அதை வேண்டாம் என்று சொல்லும் விதி எந்தச் சுவரிலும் ஒட்டியில்லை. செவ்வாயும் அப்படித்தான், புதனும் அப்படித்தான். நிற்க எனக்குத் தெரியும், முப்பத்து நான்கு வருடப் பழக்கம்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாளைக்கு எங்கள் காலை ஐந்தேமுக்காலுக்கு, உனக்கு அது எந்த நேரமாக இருந்தாலும் சரி, அதே ஆபீசுக்கு நீ இன்னொரு போன் செய். அம்மாவை டிராலி தள்ள விடுங்கள் என்று சொல்லாதே, அதற்கு நீ யார்? நான் அனுப்பிய கணக்கு தப்பு, ஆயிரத்து ஐநூறு இல்லை, ஐநூற்று முப்பது, ஒரே நேரத்தை இரண்டு தடவை கூட்டிவிட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடு. கூச்சமாகத்தான் இருக்கும். ஐந்து பேர் நடுவில் நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், உயிர் போகவில்லை.

நீயும் மருமகளும் பேத்தியும் எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும், உன் கோபம் குறைய வேண்டும், உன் கணக்கு கூட வேண்டும், இது அம்மாவின் மனமார்ந்த ஆசீர்வாதம். காலையில் காபியை மட்டும் குடித்துவிட்டு ஓடாதே, இரண்டு முட்டையாவது சாப்பிடு. குழந்தையின் புதுப்பல் முளைத்ததும் போட்டோ அனுப்பு. காலை ஆறிலிருந்து பத்து வரை என்னைக் கூப்பிடாதே, இரண்டு கையும் கைப்பிடியில் இருக்கும், எடுக்க முடியாது.

இப்படிக்கு,
யாருடைய அனுமதிக்கும் காத்திராத
உன் அன்பு அம்மா